குடிநீர் இயந்திரம் தருகிறார்கள். கணக்கில் இடம் தருவார்களா?

ஒரு கம்பெனி ஒரு காலனிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுத்தால், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. மேலாளர் ரிப்பன் வெட்டுகிறார். ஊராட்சித் தலைவர் சால்வை போர்த்துகிறார். பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நிற்கிறார்கள். ‘நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில்’ என்று கீழே ஒரு வரி. அதே படம் அடுத்த ஆண்டு கம்பெனியின் ஆண்டறிக்கையில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் ஏறிவிடுகிறது.

இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. தவிக்கிற வாய்க்குத் தண்ணீர் தண்ணீர்தான். ஆனால், அந்தக் காலனியிலிருந்து எத்தனை பேர் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள்? அதில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட்? சூப்பர்வைசராக ஒருவராவது இருக்கிறாரா? கேன்டீனுக்குக் காய்கறி போடுவது யார்? ஆள் ஏற்றி வரும் வேன் யாருடையது? ஷிப்டில் ஒரு பெண்ணிடம் ஒருவன் தகாத முறையில் நடந்தால், அவள் பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆண்டறிக்கையில் பக்கம் கிடையாது.

2015-ல் ஐ.நா. சபை 2030-க்குள் எட்ட வேண்டிய 17 வளர்ச்சி இலக்குகளை வகுத்தது. யாரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது என்பது அதன் உறுதிமொழி. அதன் பிறகு, ஏழை எளிய மக்களை நிறுவனங்கள் எப்படித் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கருத்தரங்குகளில் பெரிய பேச்சாகிவிட்டது. பேச்சு நல்லதுதான். நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆலைகளின் வாசலில் வைத்து அந்தப் பேச்சை உரசிப் பார்ப்போம்.

ஆறு ஏறியது, ஆள் ஏறவில்லை

‘நிலைத்த வளர்ச்சி’ என்ற சொல் இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாக நுழைந்ததே தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் வழியாகத்தான். பாலாற்றையும் விளைநிலங்களையும் தோல் கழிவு நாசமாக்குவதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும். கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அந்த வழக்கின் நடுவில் இருந்தவை மண்ணும் நீரும். அதே ஆலைக்குள் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வைத்து நின்றவர்கள், ஈரத்தோலைத் தூக்கிச் சுமந்தவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக அந்த வேலை பெரும்பாலும் தலித் மக்களின் தலையில்தான் விழுந்தது. அவர்களுடைய கையும் காலும் நுரையீரலும் ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லுக்குள் வரவில்லை.

இதன் கோரமான சாட்சியம் ராணிப்பேட்டை. 2015 ஜனவரி கடைசி நாளில், அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் இரவு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கசடு வெள்ளத்தில் மூழ்கி, 10 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய நிலையம் அடிமட்டத் தொழிலாளியைக் கொன்றது. கணக்கில் ஆறு ஏறியது, ஆள் ஏறவில்லை. அடித்தட்டு மனிதரை விட்டுவிட்டு நிலைத்த வளர்ச்சி பேசினால் நடப்பது இதுதான்.

இரண்டு சதவீதத்தின் எல்லை

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை இந்தியா 2013-ல் சட்டமாக்கியது. கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற அளவை எட்டும் நிறுவனம், தன் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இந்தச் சட்டத்தால் பள்ளிக் கட்டடமும் கழிப்பறையும் மருத்துவ முகாமும் வந்திருக்கின்றன. மறுப்பதற்கில்லை. ஆனால், சட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். லாபத்தில் 2 சதவீதம் எப்படிச் செலவாகிறது என்று அது கேட்கிறது. அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. சொந்தத் தொழிலாளர்களுக்குச் செய்வதைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது என்றும் விதி இருக்கிறது. அது சரியான விதி. கூலியும் பாதுகாப்பும் உரிமை. அவற்றை யாரும் தருமக் கணக்கில் எழுதக் கூடாது. அப்படியானால் அந்த உரிமையைக் கேட்கும் இடம் வேறு. மில் வாசலில் கேட்க வேண்டியதை இயந்திரத் திறப்பு விழாவில் மறந்துவிடக் கூடாது.

பெயரைப் பார்த்தே மூடும் கதவு

“நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமையைத்தான் பார்க்கிறோம்” என்று நிறுவனங்கள் சொல்கின்றன. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

1920-களில் பம்பாய் நூற்பாலைகளில் நெசவுப் பிரிவுக்குக் கூலி அதிகம். அந்தப் பிரிவில் தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்கு வேலை மறுக்கப்பட்டது. நாடா மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர்கள் வாய் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று மற்றத் தொழிலாளர்கள் சொன்னார்கள். குறைந்த கூலி கொண்ட பிரிவுகளிலேயே அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். இந்த அநீதியை அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடமே நேருக்கு நேர் கேட்டார். 1938-ல் மன்மாடு நகரில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது, உழைப்பவர்க்குப் பகை முதலாளித்துவம் மட்டுமில்லை, பார்ப்பனியமும்தான் என்று எடுத்துரைத்தார்.

அது பழைய கதை என்பவர்களுக்கு ஒரு புதிய கதை. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள, ஆனால் பெயர் மட்டும் வேறான 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆளை யாரும் பார்க்கவில்லை, பேசவில்லை. பெயரைப் பார்த்தே கதவு மூடியது.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கை 2004-க்குப் பிறகு தில்லியில் சூடுபிடித்தது. சட்டம் வேண்டாம், நாங்களே செய்கிறோம் என்று தொழில் கூட்டமைப்புகள் 2006-ல் தாமாக முன்வந்து நடத்தை விதிகளை வகுத்துக்கொண்டன. தாமாக வகுத்த விதியை மீறினால் தண்டனை கிடையாது. கேட்க ஆள் கிடையாது. அதன் பலன் என்ன என்பதை வேலை தேடி அலையும் நம் பட்டதாரிப் பிள்ளைகள் சொல்வார்கள்.

திண்டுக்கல் ஒப்பந்தம்

இந்த இடத்தில்தான் நம் மாவட்டத்தின் பெயர் உலகத் தொழிலாளர் வரலாற்றில் ஏறியிருக்கிறது. அதை நாமே சரியாக அறியவில்லை என்பது என் வருத்தம்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு அங்கு வேலை பார்த்த பல பெண்கள், தாங்கள் அனுபவித்துவந்த சீண்டலையும் ஏச்சையும் வெளியே சொன்னார்கள். வேடசந்தூர் பக்கம் மில் வேனில் போய் வரும் எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தி இல்லை. மூன்றாண்டு வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சுமங்கலித் திட்டம் நடந்த காலத்திலிருந்தே, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலையின் முதல் நிபந்தனையாக இருந்தது.

இம்முறை வாய் மூடவில்லை. பெண்கள் தலைமையேற்று நடத்தும், தலித் பெண்கள் பெருமளவில் உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆலையின் துணிகளை வாங்கும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் தனித்தனியே கட்டுப்படும் ஒப்பந்தங்களில் இணைந்தன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே உலகம் அதை அழைக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க, வாங்கும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் இத்தகைய ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதல்.

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, பாலின வன்முறையோடு சாதி அடிப்படையிலான ஒடுக்குமுறையையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. ஆலைக்குள் சாதி இருக்கிறது என்று ஒரு நிறுவனத்தின் கையெழுத்துள்ள தாளிலேயே பதிவாகியிருக்கிறது. இரண்டாவது, சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பெண் தொழிலாளர்களே வேலைத்தளத்தில் கண்காணிப்பாளர்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதற்குக் காப்பு உண்டு. மூன்றாவது, ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் வாங்கும் நிறுவனம் வணிகத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆர்டர் போகும் என்ற பயம் உள்ள இடத்தில் உரிமை தானாக நடக்கத் தொடங்குகிறது.

முதலாண்டு அறிக்கையின்படி, எழுந்த புகார்களில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டிருக்கின்றன. சீண்டல் புகார்கள் மட்டுமில்லாமல் அன்றாட வேலைப் பிரச்சினைகளும் அதில் அடக்கம். சொல்ல இடம் கிடைத்ததும் பெண்கள் சொன்னார்கள். நிறுவனத்துக்கும் இதனால் நட்டமில்லை. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை விதித்தது. செப்டம்பரிலேயே தடை விலகியது. விலகக் காரணமாக இருந்தவற்றில் இந்த ஒப்பந்தமும் ஒன்று. தொழிலாளியின் மரியாதை நிறுவனத்தின் வியாபாரத்தையும் காப்பாற்றியது.

சிறிய மில் முதலாளிகள் ஒன்று சொல்வார்கள்: “வெளிநாட்டுக் கம்பெனி விலையை அடிக்கிறான், நாங்கள் எங்கே போவது?” அதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சட்டை விற்கும் கடை லண்டனில் இருந்தாலும், பொறுப்பு வேடசந்தூர் வரை வர வேண்டும். ஆனால், இந்த ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நிற்கிறது. மாவட்டத்தின் மற்ற மில்களில் ஷிப்ட் முடிந்து வேன் ஏறும் பெண்களுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

வேலையோடு வியாபாரமும்

சேர்த்துக்கொள்வது வேலையோடு முடிவதில்லை. ஓர் ஆலை தினமும் எவ்வளவு வாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். காய்கறி, பால், அட்டைப் பெட்டி, சீருடை, வேன் வாடகை, தோட்ட வேலை, துப்புரவு. இதில் துப்புரவு மட்டும் தவறாமல் நம் மக்களுக்கு வருகிறது. மற்றவை எல்லாம் ஊர்ப் பெரிய வீடுகளுக்குப் போய்விடுகின்றன.

மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடம் 4 சதவீதம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2012-ல் வந்த கொள்முதல் கொள்கையில் தொடங்கியது இது. அந்த 4 சதவீதத்தில் பாதியைக்கூடத் தொடாத ஆண்டுகளே அதிகம். அரசு நிறுவனங்களின் நிலை இது. தனியாருக்கு இப்படி ஒரு விதியே இல்லை.

தமிழ்நாட்டில் 2023 முதல் ‘அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்’ நடக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை. கூடவே 6 சதவீத வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம். ஆனால், மானியத்தில் மெஷின் வாங்கலாம், ஆர்டர் வாங்க முடியாது. ஆர்டர் இல்லாத மெஷின் வீட்டில் நிற்கிற கடன். அட்டைப் பெட்டி செய்யும் நம் இளைஞனிடம் பக்கத்து ஆலை வாங்கினால்தான் அரசு கொடுத்த மானியம் உயிர் பிடிக்கும்.

கேன்டீன் ஒப்பந்தம் நம் மகளிர் குழுவுக்கு ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் தெரிந்ததுதான். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள். அரசு அடுப்படியிலேயே இந்தக் கதை என்றால் தனியார் அடுப்படியைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை உடைக்கும் பலம் நிறுவனத்துக்கு உண்டு. ஆயிரம் பேர் சாப்பிடும் ஒரு கேன்டீனில் தலித் பெண்கள் சமைத்துப் பரிமாறினால், பத்துச் சமபந்தி விருந்து செய்யாததை அது செய்யும்.

எண்ணாதது வெளியே தெரியாது

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் உத்தரவு. எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள் வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், எத்தனை பட்டியல் சாதியினர், எத்தனை பழங்குடியினர் என்ற பத்தி அதில் இல்லை. விளிம்புநிலை மக்களிடம் பொருள் வாங்க முன்னுரிமை உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதுவும் விருப்பப்பட்டால் பதில் சொல்லலாம் என்ற பிரிவில்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர். ஐந்தில் ஒருவர். ஓர் ஆலையில் மேலாளர் முதல் கூட்டுபவர் வரை எந்தப் படியில் எத்தனை பேர் என்று எழுதச் சொன்னால், சாதி பார்ப்பதில்லை என்ற பேச்சு உண்மையா என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். புகையை அளக்கிறார்கள், கழிவுநீரை அளக்கிறார்கள், மின்சாரத்தை அளக்கிறார்கள். இதை மட்டும் அளக்கத் தயங்குவதேன்?

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: வேலை எண்ணிக்கை. ஆலையைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து எத்தனை பேர், எந்த வேலையில், நிரந்தரமா ஒப்பந்தமா என்பதை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டு: கொள்முதல் பங்கு. உள்ளூரில் வாங்கும் பொருளிலும் சேவையிலும் ஒரு பகுதியைத் தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடமும் மகளிர் குழுக்களிடமும் வாங்க வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்தை இதில் சேர்க்கக் கூடாது.

மூன்று: சொல்லும் இடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அதில் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த பெண்கள் இருக்க வேண்டும். திண்டுக்கல் ஒப்பந்தத்தை மற்ற ஆலைகளுக்கும் விரிவாக்க வேண்டும்.

நான்கு: நிலமற்றவருக்கும் ஈடு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், அந்த நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. நடைமுறையில் பட்டா உள்ளவரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது, அந்த வயலில் களை எடுத்தவரின் பெயரும் பட்டியலில் வர வேண்டும்.

இவற்றைக் கேட்க இடம் எங்கே என்று மாணவர்கள் கேட்கலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரிய தொழில்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் அறிக்கைச் சுருக்கமும் தர வேண்டும் என்பது விதி. தண்ணீரைப் பற்றிப் பேசும்போதே வேலையைப் பற்றியும் பேசுங்கள். ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் எவ்வளவு, எதற்குச் செலவிட்டது என்பதை மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கையில் போன் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

அடுத்த முறை உங்கள் காலனிக்கு ஒரு கம்பெனி இயந்திரம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றியும் சொல்லுங்கள். மேடையில் மைக் கிடைத்தால் இந்த நான்கு கோரிக்கைகளையும் வாசியுங்கள். மைக் கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.